நீர்நிலையில் ஒற்றைக்கதிர்க் கோரை – ஓர் அறிமுகம்

முன்னுரை

சங்க இலக்கியங்களுக்கு உரை கண்ட பெருமக்கள் செடிகொடிகளை வயலிலும் வரப்பிலும் கண்டு பழகியவர்கள். அவ்வுரைகளைப் படித்துத் தேர்வெழுதும் நம் தலைமுறையினர்க்கோ அவற்றுட் பல வெறும் பெயர்களாக நின்றுவிட்டன. 'சாய்' என்பது யாது என வினவினால், 'ஒருவகைக் கோரை' என்பர். கோரை என்பது யாது என வினவினால், 'ஒருவகைப் புல்' என்பர். அதற்கு மேல் வினாவும் எழுவதில்லை, விடையும் கிடைப்பதில்லை.

'ஒருவகைப் புல்' என்னும் இவ்விரு சொல் விளக்கம் வகுப்பறையோடு நின்றுவிட்டால் கேடில்லை. பெயரறியாத செடியைக் 'களை' என்று வேரோடு அகற்றிவிடுதல் உலக இயற்கை. ஏரியும் குளமும் தூர்வாரப்படும் இக்காலத்தில், நீர்நிலைக்கு உரிமை பூண்ட செடியும் அயலிலிருந்து வந்து படர்ந்த செடியும் வேறுபாடின்றி ஒரே குவியலாகக் கரையேறுகின்றன. எனவே ஒரு செடியை இன்னதென அறிதல் இலக்கியக் கல்விக்கு மட்டுமன்றி, ஊர் நலனுக்கும் வேண்டுவதாகிறது. அந்நோக்கில் நம் நீர்நிலைகளுக்குரிய ஒரு கோரையினத்தை அடையாளம் காணும் முறையையும், அது வாழும் நிலத்தின் இயல்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

மொழியறிஞரும் செடியறிவும்

தமிழ்த்துறை மலரில் தாவரவியலுக்கு என்ன வேலை என்று சிலர் கருதலாம். தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் வகுத்துக் காட்டியுள்ளார். புறத்தே வைரம் உடையவை புல் என்றும், அகத்தே வைரம் உடையவை மரம் என்றும் அவர் கொண்ட பாகுபாடு, செடியின் தண்டைத் தொட்டும் அறுத்தும் பார்த்த ஒருவரால் மட்டுமே கூறத்தக்கது. இலை, பூ, காய் முதலிய உறுப்புகளுக்கு எவ்வெப்பெயர் எவ்வெவ்வினத்திற்கு உரியன என்பதையும் அவர் பிரித்தே உரைக்கிறார். தமிழில் இலக்கணமும் செடியறிவும் தொடக்கம் முதலே உடன்பிறந்தவை.

அரபு மொழியிலும் நிலை இதுவே. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூஹனீஃபா அத்தீனவரீ என்பார் 'கிதாபுந் நபாத்' என்னும் செடிநூலை இயற்றினார். இவர் சட்ட மேதை இமாம் அபூஹனீஃபா அவர்களினின்றும் வேறானவர், மொழியறிஞர், வானியலும் கற்றவர். பாலைவன அரபியரின் கவிதைகளிலும் பேச்சிலும் வழங்கிய செடிப்பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் விளக்கியதே அந்நூலின் சிறப்பு. சொல்லைத் தேடிச் சென்றவர் செடியைக் கண்டு வந்தார். திருக்குர்ஆனும் செடிகொடிகளையும் மழையால் உயிர்பெறும் நிலத்தையும் இறைவனின் சான்றுகளாகச் சிந்திக்குமாறு பல இடங்களில் மனிதனை அழைக்கின்றது. சிந்திப்பதற்கு முதற்படி உற்று நோக்குதலே அன்றோ?

புல்லும் கோரையும்

இனிச் செடிக்கு வருவோம். பொதுவழக்கில் புல் என்று நாம் அழைப்பவற்றுள் இரு பெருங்குடும்பங்கள் கலந்துள்ளன. ஒன்று நெல், கரும்பு, மூங்கில், அறுகு ஆகியவை அடங்கிய புற்குடும்பம். மற்றொன்று தாவரவியலார் சைப்பரேசி என வழங்கும் கோரைக்குடும்பம். இவ்விரண்டையும் கையால் தொட்டே பிரித்தறியலாம்.

புல்லின் தண்டில் கணுக்கள் உண்டு. பெரும்பாலும் உருண்டையாக, கணுவிடை உள்ளீடற்று இருக்கும். கோரையின் பூந்தண்டில் அத்தகைய கணுக்கள் புலப்படா; பெரும்பாலும் முப்பட்டையாக, உள்ளே சோறு நிறைந்து இருக்கும். விரல்களுக்கிடையே உருட்டினால் கோரை தடைப்பட்டு உருளும். புல்லின் இலைகள் இரு வரிசையிலும், கோரையின் இலைகள் மூன்று வரிசையிலும் அமையும். புல்லின் இலையுறை பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும். கோரையின் இலையுறை குழல்போல மூடியிருக்கும்.

கோரைக்குடும்பத்தில் நமக்கு நன்கு அறிமுகமானவை சில. வயலில் உழவரை அலைக்கழிக்கும் கோரைக்கிழங்குச் செடி ஒன்று. நாட்டு மருந்துக்கடையில் முத்தக்காசு எனக் கிடைப்பது அதன் கிழங்கே. பாய் முடையப் பயன்படும் பாய்க்கோரை மற்றொன்று. நெல்லைச் சீமையின் பத்தமடையில் இலெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் புகழ்பெற்ற பாய்களுக்கு மூலப்பொருள் அதுவே. பாய்க்கோரையின் அறிவியற் பெயர் சைப்பெரஸ் பாங்கோரெய் என்பது. டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ராட்பெல் 1773இல் இட்ட பெயர் இது. அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அங்கு மருத்துவராகப் பணியாற்றிய கோனிக் என்பார் தமிழகக் கடற்கரைச் செடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார். உலகெங்கும் வழங்கும் அப்பெயரின் இறுதியில் நம் 'கோரை' என்னும் சொல் ஒலிப்பதைத் தமிழ் மாணவர் கவனித்தல் வேண்டும்.

ஒற்றைக்கதிர்க் கோரை

இக்குடும்பத்தின் ஒரு கிளையே எலியோகாரிஸ் என்னும் பேரினம். சதுப்பு நிலத்தின் எழில் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1810இல் ராபர்ட் பிரவுன் இப்பெயரைச் சூட்டினார். உலகெங்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. தண்டின் நுனியில் ஒரே ஒரு கதிரைத் தாங்கி நிற்பதே இதன் தலையாய அடையாளம். எனவே இக்கட்டுரையில் 'ஒற்றைக்கதிர்க் கோரை' என்னும் விளக்கப் பெயரால் இதனைக் குறிப்போம்.

அடையாளம் காணும் முறை

நீர்க்கரையில் நிற்கும் ஒரு கோரையைக் கண்டதும் பின்வரும் நான்கினை வரிசையாக நோக்குதல் நலம்.

முதலாவது, இலை. ஒற்றைக்கதிர்க் கோரையில் இலைப்பரப்பு என்பதே இல்லை. தண்டின் அடியில் மெல்லிய குழல்போன்ற உறை மட்டுமே காணப்படும். இலை செய்யவேண்டிய உணவாக்கத்தைப் பச்சைத் தண்டே செய்துகொள்கிறது.

இரண்டாவது, கதிர். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரே கதிர், தீக்குச்சியின் மருந்து முனைபோல நிமிர்ந்து நிற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்கள் கொத்தாக இருப்பின் அது வேறு இனம்.

மூன்றாவது, கதிரின் அடி. பெரும்பாலான கோரைகளில் பூங்கொத்தின் கீழே குடைக்கம்பிகள்போல நீண்ட இலைகள் விரிந்திருக்கும். இதில் அவ்வாறு எதுவும் இராது.

நான்காவது, விதை. முற்றிய கதிரைக் கசக்கி உள்ளங்கையில் கொட்டி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியால் நோக்குக. சிறு விதையின் தலையில் தொப்பி வைத்தாற்போல ஒரு குமிழ் ஒட்டியிருக்கும். பூவின் சூல்தண்டின் அடிப்பகுதி உதிராமல் நிலைத்துவிடுவதே இத்தொப்பி. இது காணப்படின் ஐயம் பெரிதும் நீங்கும்.

மயங்கற்குரியவை

ஒப்புமையால் மயங்கற்குரிய செடிகள் சில உள. சம்பு எனப்படும் நீர்ச்செடி ஆளுயரம் வளர்ந்து, பழுப்பு நிற மெழுகுவத்திபோன்ற பெரிய கதிரைத் தாங்கும். ஆனால் அதற்குப் பட்டைபோன்ற நீண்ட இலைகள் உண்டு. அது கோரைக்குடும்பத்தைச் சார்ந்ததன்று.

மற்றொன்று, முன்னர் ஸ்கிர்பஸ் ஆர்டிகுலேட்டஸ் என வழங்கி, இப்போது ஸ்கீனோப்ளெக்டியெல்லா ஆர்டிகுலேட்டா எனப் பெயர் மாறியுள்ள கோரை. இதுவும் இலையற்றது போலத் தோன்றும். தண்டினுள் குறுக்குத் தடுப்புகளும் இதற்கு உண்டு. ஆயின் இதன் கதிர்கள் தண்டின் இடைப்பகுதியில் பக்கவாட்டில் கொத்தாகப் பிறப்பதுபோல் காணப்படும். கதிர் உச்சியிலா, பக்கத்திலா? ஒன்றா, பலவா? இவ்விரு வினாக்களே இவற்றைப் பிரித்துவிடும்.

தமிழகச் சமவெளி இனங்கள்

தமிழகத்தின் சமவெளிகளிலும் கடற்கரைகளிலும் காணப்படும் இனங்களுள் ஐந்தினை மட்டும் இங்குக் குறிப்போம்.

எலியோகாரிஸ் டல்சிஸ் இவற்றுள் உயரமானது. ஒரு மீட்டருக்கு மேலும் வளர வல்லது. தண்டு உருண்டு, உள்ளே வெற்றிடமாக, குறுக்கே மெல்லிய தடுப்புகள் பல அமைந்து இருக்கும். தண்டை விரலால் அழுத்திக்கொண்டே போனால் தடுப்புகள் ஒவ்வொன்றாக நொறுங்குவதை உணரலாம். கதிரின் பருமனும் தண்டின் பருமனும் ஏறத்தாழ ஒன்றே.

எலியோகாரிஸ் அக்யூட்டாங்குலா என்பதன் தண்டு கூர்மையான மூன்று விளிம்புகளை உடையது. குறுக்குத் தடுப்புகள் இல்லை. ஆழமற்ற நன்னீர்க் குளங்களிலும் நெல்வயல்களிலும் வாழும்.

எலியோகாரிஸ் ஸ்பைராலிஸ் என்பதும் முப்பட்டைத் தண்டுடையதே. கடலோரத்து உவர்நீர்ச் சதுப்பை விரும்புவது. இதன் கதிரில் செதில்கள் திருகுசுழி வரிசையில் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். அதன் பெயரும் அதனையே சுட்டுகிறது.

எலியோகாரிஸ் ஜெனிகுலேட்டா குத்துக்குத்தாக வளரும் குட்டையான செடி. கதிர் முட்டை வடிவாகவோ உருண்டையாகவோ தண்டைக் காட்டிலும் பருத்து நிற்கும். விதை கறுத்துப் பளபளக்கும். ஈரமான மணற்பாங்கான இடங்களில் இதனைத் தேடலாம்.

எலியோகாரிஸ் அட்ரோபர்ப்யூரியா யாவற்றினும் சிறியது. நூல்போன்ற தண்டுகள் விரலளவே உயர்ந்திருக்கும். கதிர் கருஞ்சிவப்புச் சாயல் பெற்றது. வற்றும் குட்டைகளின் ஈரச்சேற்றில் குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கே புலப்படும்.

வாழிடமும் வாழ்முறையும்

காலாப்பட்டு புதுவை ஆட்சிப்பகுதியைச் சார்ந்ததாயினும், இடையே தமிழக நிலம் அமைய, நகரினின்றும் பிரிந்து வடக்கே கடலோரத்தில் உள்ளது. 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் இங்கு அமைந்துள்ளது. மேற்கே செம்மண் மேடும் மழைநீர் அரித்த ஓடைகளும், கிழக்கே மணற்கரையும் கடலும் என இருவகை நிலம் இங்கு அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. செம்மேட்டில் விழும் மழை தாழ்நிலம் தேடி இறங்கி, ஏரியாகவும் குட்டையாகவும் சில மாதம் தங்குகிறது.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலும் வடக்கே சென்றால், விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் வரை பரந்து கிடக்கும் கழுவெளியை அடையலாம். மழைக்காலத்தில் உள்நாட்டு நன்னீரும், கழிமுகத்தின் வழியே கடலின் உவர்நீரும் கலக்கும் பெருஞ்சதுப்பு அது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 சனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பரப்பு 5,151.6 எக்டேர். ஈரான் நாட்டில் காஸ்பியன் கரையிலுள்ள ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான உலக உடன்படிக்கையே இப்பெயருக்குக் காரணம். புதுவைக்கு மேற்கே புதுவையும் தமிழகமும் பங்கிட்டுக்கொள்ளும் ஊசுட்டேரி மற்றொரு பெரும் நீர்நிலை. அதன் புதுவைப் பகுதி 2008இல் சரணாலயமாக்கப்பட்டது.

இத்தகைய நிலத்தின் உயிர்நாடி, நீர் ஏறுவதும் வற்றுவதுமே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து நீர் நிறைகிறது. மார்கழி முதல் பங்குனி வரை ஒற்றைக்கதிர்க் கோரைகள் தழைத்துக் கதிர்விடும் காலம். தேடுவார்க்கும் அதுவே ஏற்ற காலம். கோடையில் மேற்பரப்பு வெடித்துக் காய்ந்தாலும், பல்லாண்டு வாழும் இனங்களின் கிழங்கும் வேர்த்தண்டும் சேற்றினடியில் உறங்கிக் கிடக்கும். சிறிய இனங்கள் விதையை மண்ணிலிட்டு மறையும். அடுத்த மழைக்கு இரண்டும் எழும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆழமாக நீர் நிற்கும் தொட்டியும் இதற்கு ஆகாது. ஈரமே காணாத மேடும் ஆகாது. முழங்கால் அளவோ அதற்குக் குறைவாகவோ நீர் நின்று மெல்ல வற்றும் சரிவான கரையே இதன் வீடு.

காற்றில்லாச் சேற்றில் வேர் அழுகாமல் இருப்பது எங்ஙனம்? தண்டின் உள்ளிருக்கும் வெற்றிடங்கள் காற்றுக் குழாய்களாகச் செயற்பட்டு, மேலிருந்து உயிர்க்காற்றை வேருக்கு அனுப்புகின்றன. உள்ளே அமைந்த தடுப்புகள் மெல்லிய தண்டு நசுங்காமல் தாங்குகின்றன. ஓரிடத்தில் தண்டு முறிந்தால் நீர் முழுவதும் புகாமலும் காக்கின்றன. இவ்வினத்தின் தகவமைப்பு அறிவியலாரையும் வியக்க வைத்தது. அமெரிக்காவைச் சார்ந்த எலியோகாரிஸ் விவிபாரா நீரினுள் மூழ்கியிருக்கும்போது ஒருவகையிலும், காற்றில் நிமிரும்போது வேறுவகையிலும் உணவாக்கம் செய்வதை 1988இல் சப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

பயன்கள்

எலியோகாரிஸ் டல்சிஸ் இனத்தின் கிழங்கு உண்ணத்தக்கது. சீனர்கள் பெரிய கிழங்கு தரும் வகைகளைத் தேர்ந்து நெல்வயல்போன்ற சேற்று வயல்களில் பயிரிடுகின்றனர். வடநாட்டில் சிங்காரா என விற்கப்படும் முள்ளுடைய காய் வேறு செடியினது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குவதால் பலரும் மயங்குகின்றனர். நீரில் விளையும் இவற்றைப் பல்லால் கடித்துத் தோலுரித்துப் பச்சையாக உண்டால் குடற்புழு தொற்றக்கூடும். வேகவைத்து உண்பதே தக்கது.

பறவைகளுக்கும் இது பெருவிருந்து. வியட்நாமின் டிராம் சிம் பூங்காவில் சாரசக் கொக்குகள் தேடி வந்தது இக்கிழங்கையே. ஆசுத்திரேலியாவின் காக்கடு சதுப்பில் மேக்பை வாத்துகள் வறண்ட பருவத்தில் இவ்வினக் கிழங்குகளைத் தோண்டி உண்டு உயிர் வாழ்கின்றன. இந்தோனேசியாவின் தென்கலிமந்தான் பகுதியில் இதன் தண்டைக் காயவைத்துப் பாய் முடைகின்றனர். பத்தமடையிலும் கலிமந்தானிலும், கடல் பிரித்த இரு முஸ்லிம் சமுதாயங்கள், ஒரே குடும்பத்து இருவேறு கோரைகளால் பிழைப்பை நெய்திருக்கின்றன. பாயில் படுத்த வடு மேனியில் பதிய எளிமையாய் வாழ்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பின்பற்றும் சமுதாயத்திற்குப் பாய் தரும் செடி சிறுமையுடையதாகத் தோன்றாது.

இலக்கியத்தில் மீண்டும்

இப்போது 'சாய்' என்னும் சொல்லுக்கு மீள்வோம். சங்க மகளிர் பசுங்கோரையால் பாவை செய்து விளையாடினர். அதற்குப் பைஞ்சாய்ப் பாவை என்று பெயர். ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடிய அம்மூவனார் கழிக்கரைச் சூழலில் இப்பாவையைக் காட்டுகிறார். உரையாசிரியர்கள் சாய் என்பதைத் தண்டான்கோரை என விளக்கினர். இலையைச் சுட்டாமல் தண்டைச் சுட்டிய அப்பெயரில் உற்று நோக்கிய கண் ஒன்று தெரிகிறது. நீண்டு, மென்மையாய், முறியாமல் வளைந்து, கட்டுவதற்கு இசைந்த தண்டு அக்கழிக்கரையில் நின்றிருத்தல் வேண்டும். 'ஒருவகைப் புல்' என்று எழுதும்போது சிறுமியின் கையிலிருந்த பாவை மறைந்துவிடுகிறது. 'நீர்க்கரையில் நிற்கும் தண்டுக்கோரை' என்று எழுதும்போது பாவையும் கழியும் சிறுமியும் ஒருங்கே தோன்றுகின்றனர்.

செய்ய வேண்டுவன

மாணவர்கள் தம் ஊர்க் குளங்களில் இச்செடியைத் தேடலாம். அடியுறையும் கதிரும் கெடாமல் ஒரு தண்டை எடுத்து, நீளமாயின் மடித்து, செய்தித்தாளின் இடையே வைத்து அழுத்திக் காயவைக்க வேண்டும். நாள், ஊர், நீரின் ஆழம், மண்ணின் இயல்பு, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை உடனே எழுதி வைத்தல் இன்றியமையாதது. இறுதியாகக் கூறிய ஊர்ப்பெயரைத் திரட்டும் பணி தமிழ் மாணவருக்கே சிறப்பாக உரியது. மீனவரும் ஆடு மேய்ப்பவரும் நாற்று நடும் பெண்களும் வழங்கும் பெயர்கள் அவர்களோடு மறையுமுன் ஏட்டிலேற வேண்டும். ஒப்பிட்டு நோக்க, 1955இல் நிறுவப்பட்ட புதுவை பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்செடித் தொகுப்பும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினட் உலர்செடித் தொகுப்பும் நமக்கு அருகிலேயே உள்ளன. காம்பிள் தொடங்கி பிஷர் முடித்த சென்னை மாகாணச் செடிநூலும் (1915–1936), அருட்தந்தை மாத்யூ அவர்களின் தமிழகக் கர்நாடகப் பகுதிச் செடிநூலும் துணை நிற்கும்.

ஊர்ப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் குளங்களும் தர்கா குளங்களும் பல ஊர்களில் ஜமாஅத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றைத் தூர்வாருதல் நற்பணியே. அகற்ற வேண்டுவன அயலிலிருந்து வந்த ஆகாயத்தாமரையும், நெய்வேலிக் காட்டாமணக்கும், சீமைக்கருவேலுமாம். நாற்புறமும் செங்குத்தாகக் கல் பதித்துவிட்டால், ஏறி வற்றும் நீருக்குச் சரிவான கரை இராது, கோரையும் இராது, அதனிடையே வாழும் மீன்குஞ்சும் தவளையும் நீர்ப்பறவையும் இரா. ஒரு பக்கத்தையேனும் சரிவான மண்கரையாக விட்டு, அங்குள்ள கோரையைத் தொடாமல் காத்தால் போதும். அதற்குச் செலவு கூடுவதில்லை, குறையவே செய்யும்.

நிறைவுரை

இலையின்றி, மணமின்றி, பகட்டான பூவின்றி, ஒரே கதிரோடு நீரில் நிற்கும் இச்செடி யாருடைய கவனத்தையும் இரந்து நிற்பதில்லை. ஆயினும் சேற்றுக்குக் காற்றும், பறவைக்கு உணவும், மனிதனுக்குக் கிழங்கும் பாயும் தருகிறது. படைப்பில் வீணானது எதுவுமில்லை என்பது நம் நம்பிக்கை. அந்நம்பிக்கையை மெய்ப்பிக்கும் வழி, படைப்பினைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொள்வதே. வரும் மார்கழியில் நம் மாணவர்கள் குளக்கரைக்குச் செல்லட்டும். தண்டைத் தொட்டு, கதிரை எண்ணி, விதையின் தொப்பியைக் காணட்டும். அதன்பின் எழுதும் விடைத்தாளில் 'ஒருவகைப் புல்' என்னும் தொடர் இடம்பெறாது. வல்ல இறைவன் அம்முயற்சிக்குத் துணைபுரிவானாக!